இரண்டு நிமிடப் பேச்சுக்கு ஒன்பது நிமிட மொழிபெயர்ப்பு

உலகம் சூடாகிறது என்ற செய்தி கண்டிக்கு வந்து சேர்ந்ததும், அதைச் சமாளிக்க முதல் வேலையாக ஒரு அரசாங்கக் கந்தோர் திறந்தார்கள். இரண்டாவது வேலையாக அந்தக் கந்தோரின் எல்லா அறைகளுக்கும் குளிரூட்டி பூட்டினார்கள். மூன்றாவது வேலை என்ன என்று தீர்மானிப்பதற்காகத்தான் அதன் பிறகு எல்லாக் கூட்டங்களும் நடந்தன.

கந்தோரின் பெயர் மலைநாட்டுக் காலநிலைத் தலைமைத்துவ மற்றும் தொடர்பாடல் மத்திய நிலையம். அம்பிட்டியவுக்கு ஏறும் வீதியில், பழைய பங்களா ஒன்றில் இருந்தது. பெயர்ப்பலகையில் மூன்று மொழிகள். தமிழ் அடியில், சின்ன எழுத்தில். அதற்கு முன்னால் நிலையமே நட்டு வளர்த்த பசுமை வேலி நன்றாகச் செழித்து அந்த வரியை மூடிவிட்டது. வேலியை வெட்டினால் சுற்றாடலுக்குக் கேடு என்பதால் ஒருவரும் கை வைக்கவில்லை.

அது 2008ஆம் ஆண்டு. வன்னியில் யுத்தம் உச்சத்தில் இருந்தது. கண்டியில் ஒரு தமிழன் பால் வாங்கப் போனாலும் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போனான். நான்கு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை நாலே நாளில் கொட்டிவிட்டுப் போவதும் அந்த வருடங்களில்தான் வழக்கமாயிற்று. நிலையம் சும்மா இருக்கவில்லை. தொப்பி அடித்தது, ஸ்டிக்கர் அடித்தது, ஒரே அளவில் மூவாயிரம் ரீ-சேர்ட் அடித்தது.

அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அம்பிகைபாகன். வயது ஐம்பத்து நாலு, சொந்த ஊர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று கந்தோரில் எல்லோருக்கும் அவர்மேல் பிரியம். அந்தப் பெயரை அவர் பயந்து பயந்துதான் சம்பாதித்திருந்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அவர் கண்டியில் குடியிருந்த வீடு எரிந்தது. அதற்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்ட கொள்கை ஒன்றுதான்: தாளில் இருப்பதைச் சொல்ல வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்தக் கொள்கையோடு இருபத்தைந்து வருடம் உயிரோடு இருந்துவிட்டார்.

ஐப்பசி நடுவில் ஒரு தபால் வந்தது. பன்விலவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து, கொப்பித் தாளில், தமிழில். எழுதியவர் இரஞ்சிதம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா.

‘எங்க ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் லயத்து வீடுகளுக்கு மேல மலை வெடிச்சிருக்குங்க. வெடிப்புக்குள்ள மொதல்ல வெரல் போச்சு, இப்ப காலு போகுது. வீட்டுக் கதவெல்லாம் சாத்த முடியல. ஊத்துத் தண்ணி புடிக்கிற பீலியில தண்ணி செவப்பா வருது. காம்பராவுல முப்பத்தொரு புள்ளைங்க இருக்கு. யாராச்சும் வந்து பாருங்க.’

அம்பிகைபாகன் அதை ஒரு மணித்தியாலத்தில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஆக்கி, பணிப்பாளர் நாயகத்தின் மேசையில் தாமே கொண்டுபோய் வைத்தார். பணிப்பாளர் நாயகம் கலாநிதி விக்கிரமதிலக, தலைமைத்துவத்தில் வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்.

“மிஸ்டர் பாகன், இந்தக் கடிதத்தில் தலைமைத்துவம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார் கலாநிதி. “பயம் இருக்கிறது. முறைப்பாடு இருக்கிறது. நம்பிக்கை எங்கே?”

“சேர், அவர்கள் மலை வெடித்திருக்கிறது என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள்.”

“அதுதான் பிரச்சினை.” கலாநிதி எழுந்து சுவரில் இருந்த பெரிய வரைபடத்தைக் காட்டினார். நிலையத்தின் தொடர்பாடல் வழி அதில் வரையப்பட்டிருந்தது. உச்சியில் நிலையம், கீழே மாவட்டம், அதன் கீழே பிரதேசம், அடியில் மக்கள். எல்லா அம்புக்குறிகளும் கீழ்நோக்கியே போயின. “எச்சரிக்கை இங்கிருந்து அங்கே போக வேண்டும். இந்தப் பெண்ணின் கடிதம் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது. எந்த அம்புக்குறியில் ஏறி வந்தது? காட்டுங்கள், பார்ப்போம்.”

அம்பிகைபாகன் வரைபடத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார். மேலே ஏற வழி இல்லைதான்.

“நான் பிடிவாதக்காரன் இல்லை,” என்றார் கலாநிதி பெருந்தன்மையோடு. “மேல்நோக்கி ஒரு அம்புக்குறி வரைவதைப் பற்றிப் பரிசீலிப்போம். அதன் பிறகு கடிதத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.”

அப்படித்தான் அம்புக்குறி உபகுழு பிறந்தது. ஒன்பது உறுப்பினர்கள். முதலாவது கூட்டத்தில் பற்றிஸும் தேநீரும் பரிமாறி, அம்புக்குறி முழுக்கோடா புள்ளிக்கோடா என்று விவாதித்தார்கள். இரண்டாவது கூட்டம் நிறத்தைப் பற்றியது. சிவப்பு மக்களைப் பயமுறுத்தும், பச்சை ஏற்கனவே கீழ்நோக்கிப் போகிற அம்புகளுக்கு ஒதுக்கப்பட்டது, மஞ்சள் குளிரூட்டி அறையில் மங்கித் தெரிகிறது. மூன்றாவது கூட்டத்தில், மேல்நோக்கிய அம்பின் தலை கீழ்நோக்கிய அம்பின் தலையைவிடச் சிறிதாக இருக்க வேண்டும் என்பது ஏகமனதாக நிறைவேறியது. மூன்று கூட்டங்களின் அறிக்கைகளையும் அம்பிகைபாகன் தமிழாக்கினார். அவற்றை வாசிக்கத் தமிழ் தெரிந்த உறுப்பினர் ஒருவரும் குழுவில் இல்லை.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து ஒரு தொடர்பாடல் ஆலோசகர் வந்து கடிதத்தைத் ‘தொனி திருத்தினார்’. வெடிப்பு, சரிவு, பயம் எல்லாம் நிலையத்தின் தவிர்க்க வேண்டிய சொற்பட்டியலில் இருந்தன. திருத்தி முடிந்தபோது கடிதம் ஒரு வரியாகியிருந்தது: ‘பன்வில மேற்பிரிவு மக்கள் மாற்றமடையும் நிலத்தோடு கைகோத்து முன்னேறுகிறார்கள்.’ அதைத் தமிழில் தரும்படி அம்பிகைபாகனிடமே கொடுத்தார்கள். கூட்டாமல் குறைக்காமல் செய்து கொடுத்தார். அன்று மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தார். வெட்கமாக இருந்தது. ஆத்திரமும் வந்தது, ஆனால் ஆத்திரப்பட்டுப் பழக்கமில்லாததால் வயிற்றில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை மனைவி பத்மாதேவியிடம், தலைமயிர் வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டு வத்தேகம பஸ்ஸில் ஏறினார். மனைவியிடம் அவர் சொன்ன முதல் பொய் அது. இரண்டு இடங்களில் இராணுவத்தினர் இறக்கி, அடையாள அட்டையில் சாவகச்சேரி என்று கண்டதும் குடையை விரித்து மடக்கிப் பார்த்து ஏற்றினார்கள். பன்விலவிலிருந்து நடை.

“வாங்கய்யா,” என்றார் இரஞ்சிதம். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, சேலைத்தலைப்பைப் பிடித்தபடி ஒன்று. “கந்தோரிலருந்து வந்தா கார்ல வருவீங்கன்னுல்ல நெனச்சோம்.”

“கந்தோர் என்னை அனுப்பேல்லை, அம்மா. நானாத்தான் வந்தனான்.”

“அப்ப இது கவுருமெண்டு வந்ததா ஆகாதுங்களே?” என்றார், முகம் வாடி.

மலைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண் நீளமாக வாயைத் திறந்திருந்தது. அம்பிகைபாகன் குடையை உள்ளே விட்டார். பிடி வரைக்கும் போயிற்று, அப்போதும் அடி தட்டவில்லை.

“உங்களுக்கு இவ்வளவும் விளங்குது. பிறகேன் பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு இருக்கிறியள்? கீழை ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாமே?”

“போனாங்கய்யா, ரெண்டு குடும்பம். மூட்டமுடிச்சோட எங்க போறீங்க, யாரு அனுப்புனதுன்னு காவலரண்ல நிறுத்தி அந்தி வரைக்கும் வெச்சிருந்துட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. தோட்டத்துல கேட்டா, கவுருமெண்டு சொல்லட்டும் பாப்போங்கிறாங்க.” இடுப்பிலிருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். “கவுருமெண்டு ஆளு ஒருத்தர் மைக்கப் புடிச்சு, எங்க பாஷையில, ‘கெளம்புங்க’ன்னு ஒரு வார்த்த சொன்னா போதுங்க. அடுத்த நிமிசம் கெளம்பிருவோம்.”

திங்கட்கிழமை அவர் கலாநிதியிடம் நேரே போனார். பிளவு குடையின் பிடிவரை ஆழம் என்று சொன்னார். கலாநிதி கண்களை மூடி யோசித்தார். திறந்தபோது அவை பிரகாசித்தன.

“விழாவை அங்கேயே வைப்போம்!”

“எந்த விழாவை, சேர்?”

“காலநிலைத் தலைமைத்துவப் பெருவிழா. விக்டோரியா மண்டபத்தில் வைக்க இருந்தோம். இல்லை, மக்களிடம் போவோம். அந்த லயங்களுக்கு முன்னால் மைதானம் இருக்கிறதல்லவா?”

“இருக்கிறது, சேர். ஆனால் அது வெடிப்புக்கு நேர் கீழே.”

“அருமையான பின்னணி. ஒரு தலைவன் ஆபத்தின் நிழலில் நின்று பேச வேண்டும், மிஸ்டர் பாகன். என் பேச்சு நாற்பது நிமிடம்தான். இத்தனை நாள் பொறுத்த மலை நாற்பது நிமிடம் பொறுக்காதா?”

மார்கழி முதல் வாரத்தில் பெருவிழா. அதற்கு மூன்று நாள் முந்தியே மழை பிடித்துவிட்டது. மைதானத்தில் தகரப் பந்தல், மேடை, ‘நாம் எல்லோரும் தலைவர்கள்’ என்ற பதாகை. தலைவர்களில் கதிரை கிடைத்தது பன்னிரண்டு பேருக்கு. இருநூறு பேர் ஈரத்தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு பச்சைத் தொப்பி. விழாவின் முடிவில் பள்ளிக்கூடம் வரை விழிப்புணர்வு நடைபவனி. இருநூறு பேருக்குப் பொலிஸ் அனுமதி எடுத்திருந்தார்கள், ஆனால் படத்துக்கு இருபது பேர் நடந்தால் போதும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார்.

குத்துவிளக்கு காற்றில் ஏழு தடவை அணைந்தது. எட்டாவது தடவை ஏற்றிக்கொண்டிருந்தபோது இரஞ்சிதம் மேடையின் பக்கவாட்டில் வந்து நின்றார். தலையில் தொப்பி இல்லை, உதடு காய்ந்திருந்தது.

“அய்யா, பீலியில தண்ணி நின்னு போச்சுங்க. காலையிலருந்து ஒரு சொட்டு இல்ல. இந்த மழையிலயும்.”

மண்சரிவு பற்றிய கையேடு ஒன்றை அம்பிகைபாகன் இரண்டு வருடத்துக்கு முன் தமிழாக்கியிருந்தார். அச்சடிக்காமல் இன்னும் கந்தோர் அலுமாரியில் கிடந்தது. அதன் எட்டாம் பக்கம் அவருக்கு மனப்பாடம்: அடைமழையில் ஊற்று நின்றால் தண்ணீர் மலையின் உள்ளே தேங்குகிறது, உடனே வெளியேறுக.

கலாநிதியின் காதருகே குனிந்து சொன்னார்.

“மக்கள் குரல் மூன்றேகாலுக்கு,” என்றார் கலாநிதி நிகழ்ச்சி நிரலைப் பார்த்து. “அப்போது அந்தப் பெண்ணைப் பேசச் சொல்லுங்கள். ஒரு நிமிடம். நம்பிக்கையோடு முடிக்க வேண்டும்.”

நேரம் இரண்டு மணி. கலாநிதி எழுந்து மைக்குக்கு முன்னால் போனார். பக்கத்து மைக்கில் அம்பிகைபாகன். கையில் பேச்சின் தமிழ்ப் பிரதி, அங்கீகார முத்திரையோடு.

“அன்பான மலைநாட்டு மக்களே,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார் கலாநிதி, “இன்று ஒரு வரலாற்று நாள்.”

அம்பிகைபாகன் தாளைப் பார்த்தார். அதில் அதுதான் இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கீழே குழந்தைகள் தொப்பிகளால் ஒருவரையொருவர் அடித்து விளையாடின. மேடையருகே ஒரு பொலிஸ்காரர் நின்றார். அம்பிகைபாகன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“எல்லாரும் கவனமாக் கேளுங்கோ. பீலியிலை தண்ணி நிண்டு போச்சு. மலை சரிஞ்சு இறங்கப் போகுது. இப்பவே எல்லாரும் எழும்பி ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேணும். இது அரசாங்கத்தின்ரை கட்டளை.”

தாய்மார் எட்டிக் குழந்தைகளின் கையைப் பிடித்தார்கள்.

“காலநிலை மாற்றம் ஒரு சவால் அல்ல, ஒரு வாய்ப்பு!” என்றார் கலாநிதி.

“இரஞ்சிதம் அம்மாவோடை பத்துப் பேர் போங்கோ. பிள்ளைக்காம்பராவிலை உள்ள குழந்தையளை முதலிலை தூக்குங்கோ. நடக்க ஏலாதவை ஆர் ஆர்? கையைக் காட்டுங்கோ. கந்தோர் வான் நிக்குது, அதிலை ஏத்துவம். அடையாள அட்டையை மட்டும் எடுங்கோ. வேறை ஒண்டுக்கும் திரும்பி ஓடக் கூடாது.”

“தமிழ் நீளமான மொழி,” என்று கலாநிதி பொலிஸ்காரரைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு கையை உயர்த்தினார். “உங்கள் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு தலைவன் உறங்குகிறான்!”

“லயத்துக்குள்ளை ஆரும் காய்ச்சலிலை படுத்திருந்தால் எழுப்பிக்கொண்டு வாங்கோ. எல்லாரும் தொப்பியைப் போடுங்கோ. காவலரணிலை கேட்டால் நடைபவனி எண்டு சொல்லுங்கோ. இருநூறு பேருக்கு அனுமதி இருக்கு, ஒருத்தரும் மறிக்க ஏலாது.”

முன்வரிசையில் பொன்னையா என்ற கிழவர் எழுந்து நின்றார். “அய்யா, நெசமாவே கவுருமெண்டுதான் சொல்லுதுங்களா?”

அம்பிகைபாகன் மைக்கை இறுக்கிப் பிடித்தார். எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று அவருக்கே தெரியாது. “ஓம். நான் சொல்லுறன். இப்ப நான்தான் கவுண்மெந்து. நடவுங்கோ!”

இருநூறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

மேடையில் கலாநிதிக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருட சேவையில் அவருடைய பேச்சுக்கு எவரும் எழுந்து நின்றதில்லை. “நடைபவனியை முந்தியே தொடங்கிவிட்டார்கள்! படம் எடுங்கள், படம் எடுங்கள்!” என்று கத்தினார். தொட்டிலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடுவதைக் கண்டு, “பாருங்கள், எதிர்காலத்தைச் சுமக்கிறார்கள்,” என்று ஆலோசகரிடம் சொன்னார். ஆலோசகர் குறித்துக்கொண்டார்.

கந்தோர் சாரதி மர்சூக், வீட்டில் தமிழ் பேசுகிற அக்குறணை முஸ்லிம். மைக்கில் போன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியிருந்தது. அம்பிகைபாகன் வந்து வாய் திறக்கும் முன்பே வானின் பின்கதவைத் திறந்து, விருந்தினருக்கான கேக் பெட்டிகளை வெளியே எறிந்துவிட்டார். “நீங்க ஆக்கள ஏத்துங்க மாஸ்டர். நான் எத்தின நடைண்டாலும் ஓடுறேன்.”

கலாநிதி அவரை வழிமறித்து, சிங்களத்தில் கேட்டார்: “மர்சூக், இவர் என்ன சொன்னார்? ஏன் எல்லோரும் ஓடுகிறார்கள்?”

“நீங்கள் சொன்னதைத்தான் சொன்னார், சேர். கொஞ்சம் விளக்கமாகச் சொன்னார்.”

தலைவன் முன்னால் நடக்க வேண்டுமல்லவா? ஜனம் ஏற்கனவே அரை மைல் போய்விட்டபடியால் கலாநிதி அவர்களை முந்துவதற்கு ஓட வேண்டியிருந்தது. படப்பிடிப்பாளர் அவருக்குப் பின்னால் ஓடினார், ஆலோசகர் படப்பிடிப்பாளருக்குப் பின்னால். மேடை வெறுமையாயிற்று. காவலரணில் நின்றவர்கள் பச்சைத் தொப்பிகளையும் அனுமதிக் கடிதத்தையும் கண்டு வழிவிட்டார்கள். ஒருவர் கையும் தட்டினார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மலை இறங்கியது. பாரமேற்றிய லொறி ஒன்று பின்னோக்கி வருவது போல முதலில் ஒரு சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை, மண் மட்டும். ஏழாம் நம்பர் லயம் போயிற்று, எட்டாம் நம்பர் போயிற்று, பிள்ளைக்காம்பரா போயிற்று. மேடையும் பந்தலும் பதாகையும் இருந்த இடத்தில் சிவப்புக் களி நின்றது.

பள்ளிக்கூடத்தில் இரஞ்சிதம் பிள்ளைகளை மூன்று தரம் எண்ணினார். மூன்று தரமும் முப்பத்தொன்று. மூன்றாம் தரம் எண்ணி முடித்ததும் வாசல் படியில் உட்கார்ந்திருந்த அம்பிகைபாகனிடம் வந்து, “எல்லாம் இருக்குங்கய்யா,” என்றார். இருபத்தைந்து வருடமாக யார் முன்னாலும் அழாத மனிதர், அத்தனை பேர் பார்த்திருக்கக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நிலையம் அந்த வருட அறிக்கையின் அட்டையில், மக்களுக்கு முன்னால் ஓடுகிற கலாநிதியின் படத்தைப் போட்டது. ‘தொடர்பாடலின் வெற்றி, தலைமைத்துவத்தின் சாட்சி’ என்று கீழே வசனம். அதைப் பற்றி விளக்க அவர் குளிர்தேசம் ஒன்றுக்கும் அழைக்கப்பட்டார்.

அதே வாரம், தோட்டத்து மக்கள் பெருமையாகச் சொன்னது தோட்ட நிர்வாகம் வழியாகக் கந்தோருக்கு எட்டி, அம்பிகைபாகனுக்குக் குற்றப்பத்திரம் வந்தது. ஒன்று, இரண்டு நிமிடப் பேச்சை ஒன்பது நிமிடம் மொழிபெயர்த்தமை. இரண்டு, தவிர்க்க வேண்டிய சொற்களைப் பகிரங்கமாகப் பயன்படுத்தியமை. மூன்று, தம்மை அரசாங்கம் என்று கூறிக்கொண்டமை. நான்கு, இவற்றின் விளைவாகப் பணிப்பாளர் நாயகத்தின் பேச்சில் முப்பத்தெட்டு நிமிடம் பேசப்படாமல் போனமை. பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தேவை.

பத்மாதேவி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். “காலம் சரியில்லையப்பா. மூண்டாவதை வாசிச்சியளே? இதை வேறை எங்கையும் குடுத்தினமெண்டால் உங்களை வந்து கொண்டுபோயிடுவாங்கள். பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு ஒரு வரி எழுதிக் குடுங்கோவன்.”

“ஒரு வரி போதாது, பத்மா,” என்றார் அவர்.

மறுநாள் விளக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். கலாநிதி அதைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் தரச் சொன்னார்.

“தர முடியாது, சேர். தன்மேல் நடக்கும் விசாரணையின் ஆவணத்தை மொழிபெயர்ப்பாளர் தானே மொழிபெயர்க்கக் கூடாது. நம்முடைய பதினேழாம் இலக்கச் சுற்றறிக்கை. நீங்கள் கையெழுத்திட்டது.”

மர்சூக்கைக் கூப்பிட்டார்கள். தினமும் வானுக்குள் இருந்து தமிழ்ப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிக்கிற மர்சூக், தாளைக் கையில் வாங்கி, நிதானமாக, கடைசி வரி வரை கண்ணோட்டினார். “எழுத்து அழகாக இருக்கிறது, சேர். ஆனால் நான் சிங்களத்தில் படித்தவன். பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது,” என்று பவ்வியமாகத் திருப்பிக் கொடுத்தார்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தெரிவு செய்வதற்கு ஒரு உபகுழு நியமிக்கப்பட்டது. அது இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. விளக்கம் வாசிக்கப்படாமல் தண்டனை கொடுக்க விதியில் இடமில்லை என்பதால் அம்பிகைபாகன் இன்னும் தன் கதிரையில்தான் இருக்கிறார். தாள் கோப்பில் இருக்கிறது. தமிழ் தெரிந்த எவரும் வாசிக்கலாம்:

‘நான்கு குற்றச்சாட்டுகளும் உண்மை. மாற்றித்தான் சொன்னேன். முப்பத்தொரு பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். இனியும் மலை வெடித்தால் இனியும் மாற்றித்தான் சொல்வேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.’